ஆழ்கடல் சிவப்பு இறாலா, கரையோர வெள்ளை இறாலா?

கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் விசைப்படகுகள் கொண்டுவரும் ஆழ்கடல் இறால், சமைக்கும் முன்பே சிவப்பாக இருக்கும். பிடிபடுவது 200 மீட்டருக்கும் கீழே. சிவப்பு ஒளி அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. அதனால் அந்த நிறமே அதற்கு மறைவிடம். சதை மென்மை, நீர்ச்சத்து அதிகம், இனிப்பும் தூக்கல். அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் சுருங்கிவிடும். தலை சீக்கிரம் கறுத்துவிடும், வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள்.

வெள்ளை இறாலின் சதை இறுக்கமானது, கடிக்கவே நன்றாக இருக்கும். புளி, மிளகாய் எல்லாம் தாங்கும். குழம்புக்கும் தொக்குக்கும் அதுதான் சரி.

ஆழ்கடல் இறாலைப் புளிக்குழம்பில் போட எனக்கு மனம் வராது. அந்த இனிப்பு காணாமல் போய்விடும். உப்பு, மிளகு, தேங்காய் எண்ணெய் விட்டு, ஓட்டோடு இரண்டு மூன்று நிமிடம் வதக்கினால் போதும். ருசியில் பாதி தலையில் இருக்கிறது, எறிந்துவிடாதீர்கள்.