குழந்தைகளின் கல்லீரல் புற்றுக்கு எந்த எலி?

ஹெபடோபிளாஸ்டோமா பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தாக்கும் புற்று. ஆய்வுக்கூட எலிக்கு அது தானாக வருவது மிக அபூர்வம். நாம்தான் வரவழைக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள்: ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச்செல்லை ஊசியில் ஏற்றுவது, குழந்தையின் கட்டியையே எலிக்குள் பதிப்பது, எலியின் சொந்தக் கல்லீரல் செல்லைப் புற்றாக்குவது.

முதல் வழி மலிவு, வேகம். 10 முதல் 50 லட்சம் செல்களை மேட்ரிஜெல்லுடன் (சூட்டில் கெட்டியாகும் கூழ்) சரிபாதி கலந்து, நோயெதிர்ப்பு குன்றிய எலியின் விலாத் தோலடியில் 100 மைக்ரோலிட்டர் ஏற்றினால் போதும். சிரிஞ்சையும் ஊசியையும் முன்பே குளிர வைக்காவிட்டால் மேட்ரிஜெல் ஊசிக்குள்ளேயே கெட்டியாகிவிடும். நீளம் × அகலம் × அகலம் ÷ 2 என்று காலிப்பரில் அளந்துகொண்டே போகலாம். ஆனால் தோலடி என்பது கல்லீரல் அல்ல. ரத்தக்குழாய்க்குள் புற்று ஊடுருவுவதையும் நுரையீரலுக்குப் பரவுவதையும் அங்கே பெரும்பாலும் பார்க்க முடியாது.

எந்தச் செல் என்பதும் முக்கியம். எல்லோரும் எடுக்கும் ஹெப்ஜி2, 15 வயதுச் சிறுவனின் கட்டியிலிருந்து வந்தது. பல ஆண்டுகள் பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுச் செல்லாகவே அது புழங்கியது. அதில் பீட்டா-கேட்டனின் (செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதம்) மரபணுவில் ஒரு பகுதி போய் அது ஓயாமல் இயங்குவதோடு, என்ராஸ் என்ற புற்று மரபணுவின் மாற்றமும் சேர்ந்திருக்கிறது. கைக்குழந்தைகளின் கட்டிகளில் என்ராஸ் மாற்றம் வழக்கமல்ல. ஒன்றே ஒன்றுதான் என்றால் ஒரு வயதுக் குழந்தையிடமிருந்து வந்த ஹூ6 மேல்.

இரண்டாவது வழியில் குழந்தையின் கட்டியை 1 முதல் 3 மில்லிமீட்டர் துண்டுகளாக்கி, நோயெதிர்ப்பு ஏறக்குறைய இல்லாத என்எஸ்ஜி வகை எலிக்குள் பதிக்கிறார்கள். அந்தக் கட்டியின் மரபணு மாற்றங்கள் பெருமளவு அப்படியே தங்குவதால், மருந்துச் சோதனைக்கு இதைவிட நம்பகமானது இல்லை. சிக்கல் துண்டு கிடைக்கும் நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில சுற்றுக் கீமோவுக்குப் பிறகே அறுவை நடக்கிறது. அப்போது கிடைப்பதில் பெரும்பகுதி செத்த திசுவாக இருக்கலாம். கீமோவுக்கு முந்தையது வேண்டுமென்றால் ஊசி பயாப்சியின் நூலிழைதான் மிஞ்சும். மீண்டும் வந்த, முரட்டுத்தனமான கட்டிகளே எளிதில் ஒட்டுகின்றன. ஆகவே சேகரிப்பு முழுதும் மோசமான நோயாளிகளின் பக்கமே சாயும். சில மாதங்கள் காத்திருந்து வளர்ந்தது கட்டிதானா என்றும் பார்க்க வேண்டும்: துண்டோடு ஒட்டிவந்த மனித பி செல்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) எப்ஸ்டீன்-பார் வைரஸால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாகப் பெருகியிருக்கலாம். இன்னொன்று, என்எஸ்ஜி எலிக்கு டிஎன்ஏவின் ஈரிழை முறிவைச் சரிசெய்யும் திறன் குறைவு. டிஎன்ஏவை முறிக்கும் கீமோ மருந்தான டாக்சோரூபிசினைச் சாதாரண எலியின் அளவில் கொடுத்தால் கட்டிக்கு முன் எலி போய்விடும்.

மூன்றாவதுதான் மிகச் சுவையானது. கைப்பழக்கமும் இதற்கே அதிகம் வேண்டும். செல் பெருக்கத்தைத் தூண்டும் யாப், பீட்டா-கேட்டனின் புரதங்கள் இரண்டின் ஓயாமல் இயங்கும் வடிவங்களைத் தாங்கிய பிளாஸ்மிட்களை (வட்ட டிஎன்ஏ), அந்த மரபணுக்களைச் செல்லின் டிஎன்ஏவில் செருகும் ஸ்லீப்பிங் பியூட்டி நொதிக்கான பிளாஸ்மிட்டோடு உப்புநீரில் கலந்து வால் சிரை வழியே ஏற்றுகிறார்கள். அளவு எலி எடையில் பத்தில் ஒரு பங்கு: 20 கிராம் எலிக்கு 2 மில்லிலிட்டர். அத்தனையும் 5 முதல் 7 வினாடிக்குள் போயாக வேண்டும். அந்த வெள்ளத்தை இதயம் தாங்காமல் பின்னுக்குத் தள்ள, அழுத்தத்தில் கல்லீரல் செல்கள் டிஎன்ஏவை உள்வாங்குகின்றன. பத்து வினாடியைத் தாண்டினால் கரைசல் உடலெங்கும் கலந்துவிடும், கல்லீரலில் அதிகம் ஏறாது. பாதியில் வால் வெளுத்து வீங்கினால் ஊசி சிரையை விட்டு நழுவிவிட்டது. அந்த எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாலை முன்கூட்டி வெதுவெதுப்பாக்குவதும் சிரிஞ்சில் குமிழி இல்லாமல் பார்ப்பதும் பாதி வேலை. ஒரு மரபணு மட்டும் தனியே போனால் கட்டி வராது. இரண்டும் சேர்ந்தால் சுமார் இரண்டு மூன்று மாதத்தில் கல்லீரலை நிறைத்துவிடும்.

எலியின் நோயெதிர்ப்பு முழுதாக இருப்பது இதில் மட்டும்தான். எனவே நோயெதிர்ப்புச் சிகிச்சையைச் சோதிக்க முதல் இரண்டும் உதவாது. குறையும் உண்டு: பொதுவாக ஊசி போடுவது வளர்ந்த எலிக்கு. குழந்தையில் புற்று பிறப்பதோ முதிராத கருக்கல்லீரல் செல்லில்.

மருந்துப் பட்டியலைச் சலிக்க ஹூ6, தேறிய ஒன்றிரண்டை உறுதிசெய்யக் குழந்தையின் துண்டு, புற்று எப்படித் தொடங்குகிறது என்று கேட்க வால் சிரை. வரிசை மாறினால் பணமும் எலியும் வீண்.

கட்டி கல்லீரலுக்குள் இருக்கும்போது எடையை மட்டும் நம்பக் கூடாது. இருபது சதவீத எடையிழப்பில் நிறுத்துவது வழக்கம், ஆனால் கட்டியும் வயிற்று நீரும் எடையை ஈடுகட்டிவிடும். தராசு சரியாகக் காட்டும்போதே எலி முதுகெலும்பு தெரிய மெலிந்திருக்கும். முதுகைத் தடவிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.