வெள்ளவத்தைக் காணியும் மூன்றடி மதிலும்

லண்டனில் சில பவுண் கட்டினால் காணிப் பதிவேட்டின் பிரதி இணையத்திலேயே வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், வாடகைக்கு விடும் எண்ணத்துடன் கொழும்பு வெள்ளவத்தையில் பழைய வீடொன்றைப் பார்த்தபோதும், காணி உறுதிப் பத்திரம் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரி என்றே நினைத்தேன். உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகள் பின்னோக்கித் தேடி, ஈடோ வழக்கோ இல்லை என்றார். இரட்டைக் குடியுரிமை இருந்தபடியால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே வரவில்லை. தகராறு அளவையில்தான் தொடங்கியது.

"பிளான் இருக்குத்தானே அண்ணை, பிறகேன் சேர்வேயர்?" என்று புரோக்கர் மூன்று நாள் இழுத்தடித்தார். அந்தப் பிளான் 1971 இல் வரைந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டிய செலோடேப் மஞ்சளாகி, ஏக்கர் 0, ரூட் 0, பேர்ச்சஸ் 10.20 என்ற பரப்பளவு மட்டும் தெளிவாக இருந்தது.

எழுபதைத் தாண்டிய நில அளவையாளர் வந்ததும் கருவியைப் பூட்டுவார் என்று நின்றேன். அவரோ உதவியாளரிடம் அலவாங்கை வாங்கி, பின்மதில் ஓரமாக மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். எல்லைக் கல் எங்கும் தட்டுப்படவில்லை. பிறகு அனுமதி கேட்டு அடுத்த வளவுக்குள் போனவர், அந்த வீட்டு அம்மா துணி தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சாண் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார். மதிலிலிருந்து சரியாக மூன்றடி.

"மதில் 94இல என்ர மனுசன் கட்டினது, தம்பி. அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே," என்றபடி அம்மா எங்கள் எல்லோருக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். ஒளிவுமறைவு எதுவும் அவரிடம் இல்லை.

மதிலின் நீளம் 54 அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால், மதிலுக்கு அந்தப் பக்கம் போனது ஏறக்குறைய 0.6 பேர்ச். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, தனதென்று தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம் என்று நொத்தாரிசு விளக்கியபோது, உறுதியிலே 10.20 வாங்கி நிலத்திலே 9.60 இல் கட்டுவதற்குத்தான் இத்தனை தூரம் பறந்து வந்தேனா என்று எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பதிவேட்டுப் படத்தில் உள்ள சிவப்புக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டும். அங்கே வீடு வாங்கியபோது ஈரச்சுவரையும் கூரையையும் பற்றிப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுவித்த எனக்கு, என் வீட்டு வேலி யாருடையது என்பது இன்றுவரை தெரியாது. இந்த ஐயாவோ பழைய பிளானைப் புதிய அளவையின்மேல் பொருத்தி, மூன்றடித் துண்டைத் தனியாகக் கோடிட்டு, நான்காம் நாள் கையொப்பத்துடன் கையில் தந்தார். வீதி அகலிப்புக்குள் காணி அகப்படுமா என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழுக்காக நான் ஏறி இறங்கிய கவுண்டர்களில், "நாளைக்கு வாங்கோ" என்ற ஒன்றைத்தான் நாள் தவறாமல் தந்தார்கள்.

0.6 பேர்ச்சுக்குரிய பணத்தைக் கழித்துத்தான் தருவேன் என்று விற்பவருக்கு எழுதினேன். அவர் 1989 இலேயே மெல்பேர்ன் போனவர். மதிலின் படத்தை அனுப்பியதும் வாட்சப்பில் பதில் வந்தது: "அங்கை மதில் இருக்கிறதே எனக்கு இப்பதான் தெரியும்."