வீண்பழி வரும்போது: உடனே மறுப்பதா, ஆறவிட்டுப் பேசுவதா?

தன் மனதில் இருப்பதை ஏற்க முடியாமல் அடுத்தவர்மேல் ஏற்றிவிடுவதுதான் ப்ரொஜெக்‌ஷன். உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் 1936-இல் தொகுத்த மனத் தற்காப்பு முறைகளில் இதுவும் ஒன்று. கோபமாக வீடு வந்த கணவர், அமைதியாக இருக்கும் மனைவியிடம் "நீதான் எப்பவும் எரிஞ்சு விழற" என்கிறார்.

நேரம்: மறுக்க ஒரு நிமிடம், ஆறவிட 20 நிமிடமாவது.

சொல்வது: மறுப்பவர் "நான் இல்ல, நீங்கதான்" என்பார்; ஆறவிடுபவர் "எனக்குக் கோபம் இல்ல, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்பார்.

கெடுவது: "இது உங்க ப்ரொஜெக்‌ஷன்" என்று மறுத்தால், அவர் தாங்க முடியாமல் மறைத்ததையே தோண்டுகிறோம், இன்னும் இறுகிவிடுவார். ஆறவிட்டவர் பிறகு பேசவே இல்லையென்றால், பழி அப்படியே நின்றுவிடும்.

எப்போதாவது வரும் பழிக்கு ஆறவிடுவதே நல்லது. பிறர் முன்னால் உங்கள் நடத்தையைப் பற்றிப் பழி சொன்னால், அங்கேயே ஒரே வரியில் மறுத்துவிட வேண்டும். சொன்னதில் உண்மை இருந்தால் அது ப்ரொஜெக்‌ஷனே இல்லாமல் போகலாம். அதை முதலில் பாருங்கள்.