அல்ட்டோ 800ஐ வைத்திருப்பதா, கே10க்கு மாறுவதா?

இந்தியாவின் கடுமையான புகைவெளியேற்ற விதிகளுக்கேற்ப 796 சிசி இயந்திரத்தைத் திருத்துவது இலாபமற்றது என்று கருதிய மாருதி சுசுகி, 2023இல் அல்ட்டோ 800 என்ற சிறிய காரின் உற்பத்தியை முடித்து, அல்ட்டோ வரிசையில் 998 சிசி கே10ஐ மட்டும் தக்கவைத்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை காத்திருந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு வாடிக்கையாளர்கள், அதற்குள் 800 நின்றுபோனதை எண்ணிச் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

பழைய 800ஐ வைத்திருப்பவருக்குக் கையிலுள்ள பெரிய பலம், எளிமையான அந்த மூன்று சிலிண்டர் இயந்திரத்தின் குணத்தை நம் ஊர்க் கராஜ்காரர்கள் நன்கறிந்திருப்பதே. வயல்வெளிக் கிரவல் வீதிகளில் சஸ்பென்ஷன் அடிக்கடி தேயும் இடத்தில் இது சிறிய விடயமன்று. உற்பத்தி நின்றாலும் உதிரிப்பாகங்கள் உடனே மறைந்துவிடுவதில்லை.

கே10 வலுக்கூடியது, மாங்குளத்திலிருந்து ஏ9 வழியாகக் குடும்பத்தோடும் மூட்டைகளோடும் யாழ்ப்பாணம் செல்பவர் அதை உணர்வார். ஆனால் இறக்குமதி வரிகள் சேர்ந்த புதிய வாகனத்தின் விலை, சிறுபோகத்தை நம்பியிருக்கும் வீட்டுக்குப் பெருஞ்சுமை. (சிறிய வாகனம் என்பதால் வரியும் சிறிதாகிவிடுவதில்லை.)

ஊருக்குள் மட்டும் ஓடுபவர் 800ஐப் பழுதுபார்த்து வைத்திருக்கலாம். வாரந்தோறும் நெடுந்தூரம் போகிறவருக்கே கே10 பொருந்தும் என்பது என் கணிப்பு.