டிரில், பி.டி., ஆயுதம்: எந்த உஸ்தாத் ஆகலாம்?

ராணுவத்தில், பட்டாலியனில் சில வருடம் ஓட்டிய நாயக், ஹவில்தார் ரேங்க்காரர்கள் பலருக்கும், புதிதாகச் சேருகிற பையன்களைப் பழக்கும் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு உஸ்தாதாக, அதாவது பயிற்சியாளராக, போக ஆசை இருக்கும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. டிரில், பி.டி. எனும் உடற்பயிற்சி, ஆயுதப் பயிற்சி, இதில் எந்த வழியில் போவது என்பதில்தான் தம்பிகளுக்குக் குழப்பம். நான் ஆயுதப் பயிற்சிப் பக்கம் போனவன். அந்தப் பக்கமே சாய்ந்து பேசுவேன்.

டிரில் உஸ்தாதுக்கு மிடுக்கும் குரலும் வேண்டும். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடில் பையன்கள் ஒரே காலாக நடக்கும்போது கிடைக்கும் பெருமை அவருக்குத்தான். பாடமும் அவ்வளவாக மாறாது. சிமெண்ட் தரையில் குதிகாலை அடித்து அடித்து முழங்கால்தான் தேயும்.

பி.டி.க்கு புனேயில் உள்ள ராணுவ உடற்பயிற்சிக் கழகத்தில் கோர்ஸ். அதை நான் செய்ததில்லை. கூட இருந்த பி.டி. உஸ்தாதுகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: வயது ஏற ஏற நம் கைச்சரக்கு கூடுமா, குறையுமா? வருகிற அக்னிவீர் பையனுக்குப் பதினேழரையிலிருந்து இருபது சொச்சம் வயது. பி.டி. உஸ்தாத் அவன் முன்னால் கயிறு ஏறிக் காட்ட வேண்டும், ஓட்டத்தில் முன்னே போக வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டியும் அதைச் செய்கிறவர்கள் உண்டு. சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றிலும் கட்டுப்பாடாக இருந்து உடம்பைக் காப்பாற்றுகிறார்கள். பெரிய உழைப்பு அது.

ஆயுத உஸ்தாதுக்கு வருடம் கூடக் கூடக் கண் தேறும். சாந்த்மாரியில், அதாவது சுடும் மைதானத்தில், ஒருவன் ஐந்து குண்டும் சிதறிச் சுட்டால், புதியவர் சிஸ்த் (குறி) சரியில்லை என்பார். பழகியவர் டார்கெட்டைப் பார்க்கமாட்டார், பையனின் விரலையும் இமையையும் பார்ப்பார். சத்தத்துக்குப் பயந்து, குண்டு புறப்படும் முன்பே தோளை முன்னே தள்ளுகிறான் என்றால், அவனுக்குத் தெரியாமல் மேகசினில் ஒரு டம்மி ரவுண்டைக் கலந்து கொடுப்பார். டிரிகர் அழுத்தியதும் வெடிக்காது, ஆனால் பேரல் மட்டும் கீழே குதிக்கும். பையனே தன் குறையைக் கண்டுகொள்வான். அப்புறம் பேரல் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, அது விழாமல் காலி ரைஃபிளை அழுத்திப் பழகச் சொன்னால் போதும். திட்டவே வேண்டாம்.

ஆயுதம் மாறினால் படித்தது வீண்தானே என்று கேட்பார்கள். இன்சாஸ் ரைஃபிள் போய் சிக் 716 வந்தது, ஏகே-203 வந்துகொண்டிருக்கிறது, உண்மைதான். கழற்றுவது, பூட்டுவது, தடங்கலைச் சரிசெய்வது எல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். பிடி, குறி, மூச்சு, விரல் நான்கும் மாறாது.

பி.டி. பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு. நாலு வருடம் முடிந்ததும் அக்னிவீரர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் படையில் வைத்துக்கொள்வார்கள். வெளியே போகிற பையனுக்குத் தேறிய உடம்பு எந்த வேலையிலும் கைகொடுக்கும், ரைஃபிள் அப்படி இல்லை. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆயுதம் என்று முடிவெடுத்தால் இந்தியை இப்போதே தேற்றிக்கொள்ளுங்கள். டிரிலில் சாவ்தான், விஷ்ராம் என்று கட்டளைகளை வைத்தே நாளை ஓட்டிவிடலாம். ஆயுதப் பாடத்தில் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு பேசும் பையன்களை ஒன்றாக உட்கார வைத்து, இந்தியில் காரணம் சொல்லி விளக்க வேண்டும்.