பக்கத்தை அலசுவதா, பக்கத்தை விட்டு வெளியேறுவதா?

முன்பின் தெரியாத ஒரு தளத்தில் ஒரு தகவலைப் பார்க்கிறோம். நம்பலாமா என்று முடிவு செய்ய இரண்டு வழிகள் பல வருடங்களாகப் போட்டி போடுகின்றன. ஒன்று, ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை அலசுவது. இன்னொன்று, அதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் புது டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. இப்போது சாட்ஜிபிடி மாதிரியான, கேட்டால் பதில் எழுதித் தரும் சாட்பாட்டும் களத்தில் இறங்கியிருக்கிறது.

பட்டியல் முறையில் பிரபலமானது 'கிராப்' சோதனை. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் 2004-இல் உருவானது. தகவல் எவ்வளவு புதியது, நம் தேவைக்குப் பொருந்துமா, எழுதியவர் யார், ஆதாரம் உண்டா, நோக்கம் என்ன என்று கேட்கும். கேள்விகள் நல்லவைதான். ஆனால் பெரும்பாலான பதில்களை அந்தப் பக்கமே தருகிறது. தேதி, ஆசிரியர் குறிப்பு, 'எங்களைப் பற்றி', அடிக்குறிப்புகள், நேர்த்தியான வடிவமைப்பு எல்லாம் தளத்தை நடத்துபவர் கையில். முகவரி '.ஓஆர்ஜி' என்று முடிந்தால் பொதுநல அமைப்பு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பணம் கட்டினால் அது யாருக்கும் கிடைக்கும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பலவீனத்தைத் தெளிவாகக் காட்டியது. 25 கல்லூரி மாணவர்கள், 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள். இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் கட்டுரைகளைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, 60,000-க்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றது, ஒருபாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததால் 2002-இல் பிரிந்துபோன ஒரு சிறு குழு. பெயர் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கமே சாய்ந்தார்கள். அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களுக்கு மட்டும் குழப்பமே இல்லை. கட்டுரையைக் கொஞ்சம்தான் படித்தார்கள். சட்டென்று வெளியே போய் அமைப்பின் பெயரைத் தேடினார்கள். விக்கிப்பீடியாவையும் ஒதுக்கவில்லை, அதன் மேற்கோள்கள் வழியாக வேறு இடங்களுக்குத் தாவினார்கள். (விக்கிப்பீடியா பக்கமே போகாதே என்று சொல்லும் ஆசிரியர்கள் கவனிக்க.)

என் ஓட்டு இந்த இரண்டாவது வழிக்குத்தான். நேரமும் குறைவு, ஏமாறும் வாய்ப்பும் குறைவு. ஆனால் வெளியே போய்த் தேடினாலே போதும் என்று சொல்ல மாட்டேன். பொய்ச் செய்திகளைப் படித்தவர்களை இணையத்தில் தேடிப் பார்க்கச் சொன்னால், அவற்றை நம்புவது கூடவும் செய்கிறது என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செய்தியின் தலைப்பையே தேடல் பெட்டியில் ஒட்டினால், அதே பொய்யைச் சுமந்த மட்டமான தளங்கள்தானே வரும்? அதனால் தலைப்பைத் தேடாதீர்கள். அமைப்பின் பெயரைத் தேடுங்கள், அல்லது விஷயத்தை உங்கள் சொற்களில் போடுங்கள். வேறு யாரும் தனியாக விசாரித்து எழுதாத புத்தம் புதுச் சங்கதி என்றால் இதுவும் கைகொடுக்காது. அப்போது காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

படங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், பெரும்பாலும் தலைகீழ்ப் படத் தேடலே போதும். அதாவது, சொல்லுக்குப் பதில் படத்தையே தேடல் தளத்தில் கொடுத்து, அது முன்பு எங்கே வந்தது என்று பார்ப்பது. வெள்ளம் வந்த சாலையில் நீந்துவதாகப் புயலுக்குப் புயல் திரும்பி வரும் சுறா, 2005-இல் வெளியான தென்னாப்பிரிக்கக் கடல் படம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது.

சாட்பாட்? எந்தச் சொல்லை வைத்துத் தேடலாம் என்று கேட்கப் பயன்படும், தீர்ப்புக் கேட்க வேண்டாம். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அவர்களில் ஒருவர் 'இந்த வழக்குகள் நிஜமா?' என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். நிஜம் என்று அதுவும் சொன்னது. பக்கத்தை வைத்தே பக்கத்தைச் சோதிக்கிற அதே கோளாறுதான்.

அப்போது பட்டியல் வீணா? இல்லை. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, நம்பகமான இடம்தான், ஆனால் கையில் நாலைந்து ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன; எது நம் கேள்விக்குப் பொருந்தும், எது பழசு என்று பிரிக்க வேண்டும். அந்த வேலைக்கு கிராப் பட்டியலை அடித்துக்கொள்ள ஆளில்லை.