தோட்டா கேஸ் ட்ரிம்மர் வாங்கறதுக்கு முன்னாடி முட்டு எங்க இருக்குன்னு பாருங்க

ஊருக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. பட்டாலைல ஆத்தங்குடி கல்லு சில்லுன்னு இருக்க எடமா பாத்து உக்காந்துதான் இத டைப் பண்றேன், வெளில வெயில் கொளுத்துது. டல்லாஸ்ல இருக்க மச்சான் இப்பதான் புதுசா ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவோட காலிப் பித்தளைக் கூட்ட (கேஸ்) மறுபடி நெரப்பி தோட்டாவாக்கற வேலை, ஆரம்பிச்சிருக்காப்ல. அந்தக் கேஸ அளவான நீளத்துக்கு சீவற கருவிதான் ட்ரிம்மர். தெனமும் வாட்ஸ்அப்ல "எந்த ட்ரிம்மர் வாங்க, லிங்க் அனுப்பு"ன்னு ஒரே நச்சரிப்பு. லிங்க் அனுப்பறது ரெண்டு செகண்ட் வேலை. ஆனா நான் ஒண்ணுக்கு நாலா வாங்கி காசக் கரைச்ச கதைய சொல்லாம வெறும் லிங்க அனுப்பினா அவரும் அதே வரிசைல நாலயும் வாங்குவாப்ல, அதான் இவ்வளவு நீட்டி எழுதறேன்.

ஒண்ண மொதல்லயே சொல்லிடறேன். இதெல்லாம் நான் ஹூஸ்டன்ல என் கராஜ்ல பண்ற வேலை. நம்ம நாட்ல தோட்டா தயாரிக்கணும்னா 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், ஆசைக்கு வீட்ல செஞ்சு பாக்குற சமாச்சாரம் இல்ல. ஊருக்குக் கெளம்புறப்ப ஜீன்ஸ் பாக்கெட்ட ரெண்டு தடவை திருப்பி உதறிப் பாத்துட்டுதான் பெட்டில வச்சேன், ரேஞ்ச்ல பொறுக்குற பழக்கத்துல காலி கேஸ் ஒண்ணு உள்ள தங்கிட்டா ஏர்போர்ட்ல யாருக்கு பதில் சொல்றது.

சரி, எதுக்கு ட்ரிம் பண்ணணும்? சுட்டதும் பித்தளை கேஸ் விரிஞ்சு சேம்பர், அதாவது துப்பாக்கில தோட்டா உக்கார்ற குழி, அதோட செவுத்துல ஒட்டிக்கும். அடுத்த தடவைக்கு டைங்கற இரும்பு அச்சுல விட்டு அமுக்கி பழைய சைஸுக்குக் கொண்டு வரோம்ல, அப்ப பிதுங்குற பித்தளை கழுத்துப் பக்கமா நகந்துரும், கேஸ் நீளமாயிரும். .308 வின்செஸ்டர்ங்கற தோட்டா ரகத்துக்கு கேஸ் நீளம் அதிகபட்சம் 2.015 அங்குலம், ட்ரிம் பண்ண வேண்டிய அளவு 2.005. .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. பத்து தௌ தான் வித்தியாசம், தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. நீளம் மீறிப் போச்சுன்னா சேம்பர் முடிஞ்சு பேரல் ஆரம்பிக்குற எடத்துல கேஸோட வாய் போய் முட்டி புல்லட்ட நெரிச்சுப் புடிச்சுக்கும், புல்லட் விடுபட முடியாம பிரஷர் எகிறும். அதனால இது சோம்பேறித்தனமா தள்ளிப்போடற வேலை இல்ல.

இப்ப காரைக்குடி கதை. போன வாரம் அப்பச்சி ஒரு பழைய பித்தளைக் குத்துவிளக்கக் குடுத்து தண்டு ஆடுது, மரை போச்சு, லேத்ல குடுத்து சரிபண்ணிட்டு வான்னாக. பட்டறைல அண்ணன் ஒருத்தர் அம்பது விளக்குத் தண்ட வரிசையா அடுக்கி வச்சு ஒண்ணொண்ணா ஃபேசிங் அடிச்சுட்டு இருந்தாரு. எடுக்கறாரு, சக்குக்குள்ள தள்றாரு, உள்ள ஒரு முட்டு இருக்கு அதுல டொக்குன்னு இடிக்குது, இறுக்கறாரு, டூல் வந்து மொகத்த சீவுது, கழட்டறாரு. ஸ்கேல் வைக்கல, ஒண்ணும் இல்ல, அம்பதும் ஒரே நீளம். எனக்கு ஆச்சரியம், எங்க ட்ரிம்மர் வீடியோவ போன்ல காட்டினேன். பாத்துட்டு சிரிச்சுட்டு, "தம்பி, இதுவும் லேத்துதான். எங்க முட்டு வைக்கிறீகளோ அங்கேருந்துதான் அளவு. முட்டுற பக்கம் பிசிறு இருந்தா அளவு போச்சு"ன்னாரு. சொன்னதோட விடல, பின்பக்கம் பிசிறு இருந்த ஒரு தண்ட வேணும்னே அப்படியே மாட்டி சீவி, அப்புறம் பிசிற அரத்தால எடுத்துட்டு வெர்னியர்ல வச்சுக் காட்டினாரு. பிசிறு எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவு குட்டை. ரெண்டு வருஷமா எனக்கு எட்டாத விஷயம் டீ ஆறுறதுக்குள்ள புரிஞ்சுபோச்சு.

அத வச்சுப் பாத்தா சந்தைல இருக்க ட்ரிம்மர் எல்லாம் ரெண்டே சாதிதான். ஒண்ணு கேஸோட அடிய முட்டா வச்சு அளக்கறது. இன்னொண்ணு கேஸோட தோள், அதாவது உடம்பு சரிஞ்சு கழுத்தா ஒடுங்குற எடம், அத முட்டா வச்சு அளக்கறது.

நான் மொதல்ல வாங்கினது லீ கம்பெனியோட கட்டரும் லென்த் கேஜும். நான் வாங்கினப்ப எல்லாம் சேத்து இருபது டாலருக்குள்ள முடிஞ்சுது. கேஜுங்கறது ஒரு கம்பி, கேஸோட வாய் வழியா உள்ள போயி அடில ப்ரைமர், அதாவது மருந்தப் பத்த வைக்கற சின்ன மூடி, இருக்க எடத்து ஓட்டை வழியா எட்டிப் பாத்து கீழ புடிச்சிருக்க ஸ்டட்ங்கற முளைல முட்டும், முட்டினதும் கட்டர் அதுக்கு மேல வெட்டாது. திருகறதுக்கு ஒண்ணும் கெடையாது, கெடறதுக்கும் ஒண்ணும் கெடையாது. ஒவ்வொரு காலிபருக்கும் (தோட்டா அளவு) தனிக் கம்பி வாங்கணும், ப்ரைமர மொதல்ல தட்டி எடுத்திருக்கணும், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் குட்டையா வேணும்னு நெனைச்சா முடியாது, கம்பெனிக்காரன் வச்ச நீளம்தான். மாசம் அம்பது கேஸ் பண்றவருக்கு இது போதும், சத்தியமா போதும். நான்தான் கேக்கல.

ரெண்டாவதா வாங்கினது மோட்டார் வச்ச லேத் டைப், பேரு வேணாம். பாக்க ஜம்முன்னு இருந்துச்சு, வெலையும் ஜம்முன்னு இருந்துச்சு. அடியக் காலட்ங்கற கவ்வில புடிச்சு, கழுத்துக்குள்ள பைலட்ங்கற கம்பிய விட்டு வெட்டற ரகம். மொத நாள் 2.005 வச்சு நாலு கேஸ் அளந்து பாத்தேன், அருமை. அப்புறம் பாட்டப் போட்டுட்டு மளமளன்னு அடிச்சுத் தள்ளினேன், அறுபதாவது கேஸ்ல சும்மா ஒரு சந்தேகத்துக்கு வெர்னியர் வச்சா 1.991! அதிர்வுல அளவு நிறுத்தற காலரோட ஸ்க்ரூ மெல்ல மெல்ல நழுவியிருக்கு. பதினாலு தௌ குட்டையான கேஸ் வெடிச்சிராதுதான், ஆனா ஒண்ணொண்ணும் ஒரு நீளத்துல இருந்தா அப்புறம் எதுக்கு இந்த மெஷின். கம்பெனிக்கு மெயில் போட்டா பதினோரு நாள் கழிச்சு "ஸ்க்ரூவ டைட் பண்ணுங்க"ன்னு பதில் வருது. இது தெரியாமலா நான் மெயில் போட்டேன். இதே சாதில ஃபோர்ஸ்டர் ஒரிஜினல் கையால சுத்தறது ஒண்ணு இருக்கு, ரேஞ்ச்ல ஒரு நண்பர் பல வருஷமா வச்சிருக்காரு, நானும் சுத்திப் பாத்தேன், அதுல எனக்கு ஒரு கொறையும் தெரியல. அத வாங்கியிருக்கணும்.

அடிய முட்டா வைக்கறதுல இன்னொரு சிக்கல் இருக்கு, பட்டறை அண்ணன் காட்டின அதே பிசிறுதான். செமி ஆட்டோ, அதாவது சுட்டதும் தானா அடுத்த தோட்டாவ ஏத்திக்கற துப்பாக்கி, அதுல காலி கேஸ வெளில தள்ற எஜெக்டர் வீசி அடிக்கறப்ப அடி விளிம்புல சின்னச் சின்ன நசுங்கல் விழும். அது காலட்ல சரியா உக்காராது, ஒரு பக்கம் தூக்கும், நீளம் ஒரு கேஸுக்கு ஒரு மாதிரி வரும். .223 கேஸ்ல எனக்கு அளவு ஏன் தாறுமாறா வந்துச்சுன்னு இப்பதான் வெளங்குது, பாவம் அந்தக் காலர நான் கொஞ்சம் அதிகமாத்தான் திட்டிட்டேன் போல.

எல்.ஈ. வில்சன் ட்ரிம்மர் பத்தி தனியா சொல்லணும். வாஷிங்டன் மாநிலத்துக்காரங்க. இதுல காலட்டே கெடையாது, கேஸ ஒரு இரும்புக் குழாய் மாதிரி ஹோல்டருக்குள்ள சொருகி லேசாத் தட்டினா உடம்போட சரிவே அதக் கப்புன்னு புடிச்சுக்கும், அந்த ஹோல்டர் ரெண்டு தண்டு மேல படுத்துக்கும், பின்னாடி ஸ்டாப் ஸ்க்ரூ அடில முட்டி நிக்கும். விளிம்ப யாரும் புடிக்கறது இல்ல, அதனால ஆட்டம் இல்ல, வாய் அவ்வளவு நேரா வெட்டுது. வெட்டின வாய வெளிச்சத்துல திருப்பிப் பாத்தேன், சோமாசு ஓரத்த ஆத்தா கரண்டிச் சக்கரத்தால ஒரே இழுப்புல வெட்டுவாகள்ல, அப்படி ஒரு சுத்தம். ஆனா வேகம் கெடையாது. தட்டணும், வைக்கணும், சுத்தணும், திரும்பத் தட்டி வெளில எடுக்கணும். என் போல்ட் ஆக்‌ஷன் .308 ரைஃபிளுக்கு (ஒவ்வொரு தோட்டாவயும் கையால ஏத்தற ரகம்) இதான் வச்சிருக்கேன், ஒரு நேரத்துல நாப்பது அம்பது கேஸ்தான் பண்றது.

.223 எரநூறு முந்நூறு குவிஞ்சா அதுக்கு டபிள்யூஎஃப்டி. லிட்டில் க்ரோன்னு ஒரு கம்பெனி பண்றாங்க, பேரே உலகத்துலயே சிறந்த ட்ரிம்மராம், என்னா தில்லு பாருங்க. ட்ரில்லுல மாட்டிட்டு கேஸ கழுத்துப் பக்கமா உள்ள விட்டுத் தள்ளினா தோள் போய் முட்டும், கழுத்து மட்டும் சீவிரும், ஒரு கேஸுக்கு மூணு நாலு செகண்ட். பித்தளைச் சுருள் ஒடஞ்ச தேன்குழல் மாதிரி மடியெல்லாம் கொட்டும், கண்ணாடி போடாம பண்ணாதீங்க. நூறு கேஸுக்கு மேல வெரல் வலிக்கும், ஏன்னா கேஸ் சுத்தாம கைலதான் இறுக்கிப் புடிக்கணும்.

தோள்ல முட்டறதுல ஒரு ஞாயமும் இருக்கு. இந்த மாதிரி விளிம்பு துருத்தாத, தோள் உள்ள கேஸ் சேம்பருக்குள்ள நிக்கறதே தோள்லதான். ஆனா சைஸ் பண்ணினதுக்கு அப்புறம்தான் இதுல விடணும். நான் ஒரு ஞாயித்துக்கெழமை சைஸ் பண்ணாமலே எம்பது கேஸ ட்ரிம் பண்ணிட்டு, சாயங்காலம் சைஸ் பண்ணினா எல்லாம் திரும்ப வளந்து நிக்குது, மறுபடி மொதல்லேருந்து. அதே மாதிரி டைல சிக்காம இருக்கத் தடவற லூப்ப ஒரு கேஸுக்கு அதிகமும் ஒண்ணுக்கு கம்மியும் தடவினா தோள் ஏறி எறங்கி நிக்கும், மொத்த நீளமும் அதோட ஆடும். அப்புறம் .357 மேக்னம், .45-70 மாதிரி நேர் கேஸுக்கு தோளே கெடையாது, முட்ட எடமில்ல, அதுக்கு அடில முட்டற ரகம்தான்.

ட்ரிம் பண்ணினா வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சுக்காதீங்க, வாய்க்கு உள்ளயும் வெளியயும் பிசிறு எடுக்கணும், உண்மையில கையொடியறது அங்கதான். ஜிரோன்னு ஒரு கம்பெனி மெஷின் இருக்கு, அது நீளம், உள்பிசிறு, வெளிப்பிசிறு மூணையும் ஒரே தள்ளுல முடிச்சுரும், இதுவும் தோள்ல முட்டற ரகம்தான், ஆனா வெலை பல நூறு டாலர். ஆயிரக்கணக்குல பண்றவங்க யோசிக்கலாம். என் வீட்ல அந்தப் பேச்ச எடுத்தா அடுத்த பேச்சு எனக்கு சோறு யாரு போடறதுன்னுதான் வரும்.

அப்பச்சி இதெல்லாம் கேட்டுட்டு, "பக்கத்துல புதுக்கோட்டை தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல போய்ச் சுட்டாகளே, அவுகளும் இதத்தான் சீவிக்கிட்டு இருக்காகளா"ன்னாக. பிருத்விராஜ் தொண்டைமான் 2024ல சுட்டது ட்ராப், அது ஷாட்கன், ஷெல்லோட உடம்பு பிளாஸ்டிக், இந்த ட்ரிம்மருக்கு அங்க ஜோலி இல்லன்னேன். "அப்ப அதயே பழகு"ன்னுட்டு பேப்பர எடுத்துட்டாக.

ட்ரிம் பண்ணப் பண்ண எத்தனாவது தடவைன்னு டப்பா மேல எழுதி வைங்க. கழுத்துல வளர்ற பித்தளை ஆகாசத்துலேருந்து வரல, உடம்புலேருந்துதான் வருது, அடிக்குக் கொஞ்சம் மேல செவுரு மெலிஞ்சுகிட்டே போகும். நாலஞ்சு தடவை ட்ரிம் ஆன கேஸ்ல ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி நுனிய மடக்கி உள்ள விட்டு அடிலேருந்து மேல இழுத்துப் பாருங்க. ஒரு பள்ளத்துல தட்டுச்சுன்னாலோ, வெளில அந்த எடத்துல ஒரு பளபள வளையம் தெரிஞ்சாலோ அந்தக் கேஸத் தூக்கிப் போட்டுருங்க, அடுத்த தடவை அடி தனியா பிச்சுக்கும்.

மச்சான், இப்ப உனக்கு. போல்ட் ஆக்‌ஷன் ஒண்ணே ஒண்ணு, மாசம் ஒரு டப்பான்னா லீ வாங்கு, மிச்சக் காசுக்கு நல்ல வெர்னியர் வாங்கு. .223 குவிக்கிற ஆளுன்னா டபிள்யூஎஃப்டி. நீ எந்த காலிபர்னே இன்னும் சொல்லலையே, இத்தனை நாளா லிங்க் லிங்க்னு மட்டும்தான் கேக்குற. அத மொதல்ல அனுப்பு. ஆத்தா ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டாக, வெள்ளைப் பணியாரம் ஆறுதாம், நான் போறேன்.